கையை இறக்கினால் காலும் நகரும்: கஃபே ரேசர் பைக் கட்டுவது பற்றி ஓர் அறிமுகம்

பழைய பைக் ஒன்றின் பின்பக்கத்தை அறுத்து, பழுப்பு நிறத்தில் தட்டையான சீட் போட்டு, சைலன்சர் பைப்பில் துணிப் பட்டை சுற்றி, ஹெட்லைட் கண்ணாடி மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டி, "கஃபே ரேசர்" என்று சொல்லிவிடுகிறார்கள். நின்ற இடத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்: பத்தாவது நிமிடம் மணிக்கட்டு வலிக்கிறது, முதல் பள்ளத்தில் பின் டயர் சீட்டின் அடியில் போய் உரசுகிறது, யூ-டர்ன் போட ஹேண்டிலைத் திருப்பினால் விரல் டேங்கில் நசுங்குகிறது. (அந்த டேப் விஷயம் வேறு. ரேஸ் டிராக்கில் விழுந்தால் கண்ணாடித் துண்டுகள் சிதறாமல் இருக்க ஒட்டுவது அது. ராத்திரி சாலையில் வெளிச்சத்தை மறைப்பதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் கிடையாது.)

கஃபே ரேசரின் தோற்றம் யாரோ உட்கார்ந்து வரைந்து வந்ததல்ல. வேகமாகப் போக ஆசைப்பட்டவர்கள் முதலில் கையைக் கீழே இறக்கினார்கள். கை இறங்கியதால் காலைப் பின்னால் தள்ள வேண்டிவந்தது. கால் போனதால் சீட் போனது, சீட் போனதால் சேஸிஸின் வால் குட்டையானது. ஒன்றைத் தொட்டால் அடுத்தது தானாக வந்து நிற்கும். இந்தச் சங்கிலி பிடிபட்டுவிட்டால், எந்த பைக்கைப் பார்த்தாலும் இது நிஜமான கஃபே ரேசரா, மேக்கப் போட்டதா என்று சொல்லிவிடலாம். சொந்தமாக ஒன்று கட்ட நினைத்தால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்பதும் புரியும்.

எங்கிருந்து வந்தது

1950களின் கடைசி, 60களின் தொடக்கம். இடம் இங்கிலாந்து. போருக்குப் பிந்தைய பற்றாக்குறை விலகி, வேலைக்குப் போகும் பையன்கள் கையில் நாலு காசு புழங்கத் தொடங்கிய காலம். கார் வாங்கக் கட்டாது, பைக் வாங்கலாம். லண்டனில் நார்த் சர்க்குலர் ரோட்டில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை இருந்தது. 1938இல் லாரி ஓட்டுநர்களுக்காகத் திறந்தது. போரில் குண்டு விழுந்து இடிந்து, 1949இல் திரும்பக் கட்டினார்கள். நம் ஊர் நெடுஞ்சாலை டீக்கடை மாதிரி ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். கூடுதலாக ஒரு ஜூக்பாக்ஸ், அதில் ராக் அண்ட் ரோல். தோல் ஜாக்கெட் போட்ட பையன்கள் அங்கே கூடினார்கள். ராக்கர்ஸ் என்று அவர்களுக்குப் பெயர். கஃபேயிலிருந்து கிளம்பிப் பந்தயம் ஓடிய அவர்கள் பைக்குகள்தான் கஃபே ரேசர்.

அவர்கள் குறி ஒன்றே ஒன்றுதான்: மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. அதைத் தொட்டவன் "டன்-அப் பாய்". ஊருக்கு வெளியே பிரிட்டிஷ் சாலைகளில் அப்போது வேக வரம்பே இல்லை. 70 மைல் வரம்பு 1965 டிசம்பரில்தான் வந்தது. ஜூக்பாக்ஸில் காசு போட்டு, பாட்டு தொடங்கியதும் பைக்கில் கிளம்பி, குறித்த இடத்தைத் தொட்டுவிட்டுப் பாட்டு முடிவதற்குள் திரும்பி வரும் பந்தயம் பற்றிக் கதைகள் நிறைய. எவ்வளவு நிஜம், எவ்வளவு அளப்பு என்பது வேறு. ஆனால் அந்தக் காலப் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது என்பதை நினைத்துப் பார்த்தால் வேகம் புரியும்.

கடையிலிருந்து வந்த பைக் அந்த வேகத்துக்கு லேசில் போகாது. அப்போது பந்தயத்தில் ஓடியவற்றைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில் ஓடிய பைக்குகளில் ஹேண்டில் தாழ்வாக, கால் பின்னால், டேங்க் நீளமாக, சீட் ஒற்றை ஆளுக்கு மட்டும் இருக்கும். பணம் இருந்தவன் பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் வாங்கினான். அதில் இவையெல்லாம் ஏறக்குறைய கடையிலிருந்தே வரும். இல்லாதவன் தன் பைக்கிலேயே செய்துகொண்டான்.

இந்தக் கலையின் உச்சம் டிரைட்டன். டிரையம்ஃப் எஞ்சினை நார்ட்டன் சேஸிஸில் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் டிரைட்டன். டிரையம்ஃபின் 650 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் சக்தி மிக்கது, டியூன் செய்ய எளிது, ஆனால் அந்த பைக் வளைவில் நெளியும். நார்ட்டனிடம் இருந்ததோ ஃபெதர்பெட் சேஸிஸ். வட அயர்லாந்தைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கேன்ட்லெஸ் வடிவமைத்து 1950இல் பந்தயத்துக்கு வந்தது. வளைவில் அதை அடித்துக்கொள்ள அன்றைக்கு ஆள் இல்லை. சரி, அவ்வளவு நல்ல சேஸிஸ் பையன்களின் கைக்கு எப்படிக் கிடைத்தது? அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அப்போது 500 சிசி எஞ்சின் வைத்த சின்ன ரேஸ் கார்கள் பிரபலம். அவற்றுக்கு நார்ட்டன் எஞ்சின் தேவை. கம்பெனி எஞ்சினைத் தனியாக விற்க மறுத்தது. அதனால் கார் பந்தயக்காரர்கள் முழு பைக்கையும் வாங்கி எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். மிச்சமிருந்த சேஸிஸ்கள் சந்தைக்கு வந்தன.

நமக்குத் தெரிந்த பெயரும் இந்தக் கதையில் உண்டு. 1961 முதல் பிரிட்டனில் பழகுநர் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது. அந்த இளவட்டங்களைக் குறிவைத்து ராயல் என்ஃபீல்டு 60களின் நடுவில் கான்டினென்டல் ஜிடி என்று ஒரு 250 சிசி பைக் விட்டது. தாழ்ந்த ஹேண்டில், சிவப்பு ஃபைபர் டேங்க், கூன் வைத்த சீட் எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. விளம்பரத்துக்காக பிரிட்டனின் வட முனையிலிருந்து தென்மேற்கு முனை வரை 24 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போனது. 1955 முதல் சென்னையில் இயங்கிவந்த என்ஃபீல்டு தொடர்ந்தது. 2013இல் அதே கான்டினென்டல் ஜிடி பெயரில் 535 சிசி பைக்கை லண்டன் ஏஸ் கஃபேயிலேயே அறிமுகப்படுத்தியது. 2018இல் 650 சிசி இரட்டை சிலிண்டர் வந்தது. ராக்கர்ஸ் காலத்து ஏஸ் கஃபே 1969இல் மூடி, 2001இல் மறுபடி திறந்த கடை. அதன் வாசலில் இன்று நிற்கும் கஃபே ரேசர்களில் சில நம் சென்னைப் பக்கத்து ஆலைகளில் செய்தவை.

ஏன் கையை இறக்கினார்கள்

பைக்கை நிறுத்தப் பார்ப்பது காற்று. வேகம் கூடக் கூட அதன் பிடி தாறுமாறாக ஏறும். வேகத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டுமென்றால், காற்றை வெல்ல மட்டுமே மூன்று மடங்குக்கு மேல் சக்தி தேவை. 40-50 குதிரைத்திறன் எஞ்சின் வைத்திருந்தவனுக்கு அதற்கு மேல் சக்தி கூட்ட வழியும் இல்லை, காசும் இல்லை. அதனால் காற்றில் மோதும் உடம்பைச் சிறிதாக்கினான். நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு ஒரு கதவு அகலத்துக்குக் காற்றைத் தடுக்கும். டேங்க் மேல் படுத்தால் அது வெகுவாகக் குறையும். படுக்க வேண்டுமென்றால் ஹேண்டில் கீழே வர வேண்டும். எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அதே காற்றுதான் படுத்திருப்பவனின் மேலுடம்பைக் கொஞ்சம் தூக்கியும் பிடிக்கும். மணிக்கு 90, 100 கி.மீ. வேகத்தில் கையில் விழும் எடை குறைவதை உணரலாம். அண்ணா சாலை நெரிசலில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் தூக்கிப் பிடிக்கக் காற்று இல்லை; மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். தினமும் ஆபீஸ் போகும் பைக்கைக் கஃபே ரேசராக்க நினைப்பவர் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

கை, கால், இடுப்பு

தாழ்வான ஹேண்டிலுக்கு "கிளிப்-ஆன்" என்று பெயர். ஒரே நீளக் கம்பியாக இல்லாமல் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் முன் ஃபோர்க் குழாயை வளையம் போலக் கவ்விப் பிடிக்கும். அதனால் ஃபோர்க்கின் விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து வாங்க வேண்டும். 2021க்கு முந்தைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இல் ஃபோர்க் 35 மி.மீ., அதற்குப் பிந்தையதில் 41 மி.மீ. கொஞ்சம் லூசாக இருந்தால் உள்ளே தகரம் வைத்து இறுக்கலாம் என்று பட்டறையில் யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள். அவசரமாக பிரேக் பிடிக்கும் நொடியில் ஹேண்டில் சுழன்றால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

பழைய புல்லட், கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தடங்கல். ஹெட்லைட்டைச் சுற்றிக் கண்ணிமை மாதிரி அழகான ஓடு ஒன்று இருக்கிறதே, அது வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோர்க் குழாய்களின் மேல் முனையைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். கிளிப்-ஆன் மாட்ட ஃபோர்க் குழாய் வெளியே தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் அந்த ஓட்டைத் தூக்கிவிட்டு, தனியான மேல் பிடிப்புத் தகடு போட வேண்டும். அதை லேத்தில் அளவெடுத்துச் செய்ய வேண்டும், அல்லது தயாராக விற்பதை வாங்க வேண்டும். ஹெட்லைட்டுக்கும் ஸ்பீடோமீட்டருக்கும் தனித்தனி கிளாம்ப் வேண்டும். ஹேண்டில் மாற்றலாம் என்று கிளம்பியவர் வண்டியின் முன்பக்கம் முழுவதையும் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பது இப்படித்தான்.

ஹேண்டில் இறங்கியதும் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் நீளம் அதிகமாகிவிடும். அதிக நீளத்தைச் சுருட்டிச் செருகினால், ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு ஆக்ஸிலேட்டர் தானாக ஏறும். இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் ஹேண்டிலைத் திருப்பி, எஞ்சின் ஓட்டத்தில் மாற்றம் இருக்கிறதா, டேங்குக்கும் விரலுக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி கால். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, அப்படியே முன்பக்கம் குனிந்து பாருங்கள். குப்புற விழுந்துவிடாமல் இருக்கக் கை எதையாவது பிடிக்கத் தேடும். இப்போது பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு குனியுங்கள். தொடையும் வயிறும் எடையைத் தாங்குகின்றன, கை சும்மா இருக்கிறது. ரியர்செட் என்பது இதற்குத்தான். ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர், பிரேக் பெடல் மூன்றையும் பின்னாலும் கொஞ்சம் மேலேயும் நகர்த்தும் அமைப்பு. கிளிப்-ஆன் மட்டும் போட்டு ஃபுட்ரெஸ்ட்டைப் பழைய இடத்திலேயே விடுவதுதான் மணிக்கட்டு வலிக்கு முக்கியக் காரணம். நம் ஊரில் ஓடும் அரைகுறை கஃபே ரேசர்களில் பாதி இந்த ரகம்.

ரியர்செட்டிலும் வினை உண்டு. கியர் லீவர் பின்னால் போனதால் இடையில் ஒரு இணைப்புக் கம்பி வரும். அது கியர் தண்டோடு சேரும் சிறு கையைத் தலைகீழாக மாட்டினால் கியர் வரிசையும் தலைகீழாகும்; ரேஸ்காரர்கள் வேண்டுமென்றே அப்படி மாட்டுவார்கள், நீங்கள் தெரியாமல் மாட்டிவிடாதீர்கள். கிக்கர் உள்ள பைக்கில் உதைக்கும்போது கிக்கர் ஃபுட்ரெஸ்ட்டில் இடிக்கும். மடக்கும் ரகம் வாங்கினால் தீர்ந்தது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். பைக்கை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, இரண்டு பிவிசி பைப் துண்டுகளை ஃபோர்க்கில் கயிறு போட்டுக் கட்டி, கால் வைக்கப் போகும் உயரத்தில் இருபுறமும் செங்கல்லோ பெட்டியோ அடுக்கி, மேலே ஏறிக் கால் மணி நேரம் உட்காருங்கள். செல்போனில் ஏதாவது பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாலும் சரி. இடுப்பு என்ன சொல்கிறது என்று அப்போது தெரியும். செலவு ஒன்றும் இல்லை.

அந்த நேர்கோடு

நல்ல கஃபே ரேசரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு கோடு கண்ணில் படும். டேங்கின் அடி விளிம்பில் தொடங்கி, சீட்டின் அடி வழியாகப் பின் முனை வரை தரைக்கு இணையாக ஓடும். பைக் கட்டுபவர்கள் இதை எலும்புக் கோடு என்பார்கள். இந்தக் கோடு உடைந்த பைக் எவ்வளவு செலவு செய்தாலும் எங்கோ இடறும். பைக்கைப் பத்தடி தள்ளி நின்று, எஞ்சின் உயரத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். மிக அருகில் நின்று எடுத்தால் சக்கரங்கள் வீங்கித் தெரியும், கோடும் பொய் சொல்லும். அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு ஸ்கேலால் கோடு இழுத்துப் பார்த்தால், டேங்கின் பின்பக்கத்தைத் தூக்க வேண்டுமா, சீட்டை எவ்வளவு இறக்க வேண்டும் என்பதெல்லாம் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

இதனால்தான் எந்த பைக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முக்கியம். டேங்கின் அடி நேராக இருக்க வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் உள்ள, குழாய்ச் சேஸிஸ் பைக் என்றால் வேலை எளிது. யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்பிளெண்டர், புல்லட் எல்லாம் இந்த வகை. பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர் (மோனோ ஷாக்), அகலமான பெட்டிச் சேஸிஸ், மேல்நோக்கி ஏறும் வால் உள்ள இன்றைய பைக்குகளில் இந்தக் கோட்டை வரவழைப்பது பெரும் போராட்டம். ஆர்எக்ஸ் 100ஐ அறுப்பதற்கு முன் இன்னொன்றும் யோசியுங்கள். ஒரிஜினல் நிலையில் உள்ள ஆர்எக்ஸுக்கு இன்று இருக்கும் விலையை அறுத்த ஆர்எக்ஸுக்கு யாரும் தரமாட்டார்கள்.

வெட்டும் கிரைண்டர்

பின் சேஸிஸை வெட்டி, அங்கே அரைவட்டமாக வளைத்த குழாயைப் பற்றவைப்பதுதான் புதியவர்கள் முதலில் கைவைக்கும் வேலை. உண்மையில் இது வரிசையில் நடுவில் வர வேண்டியது. கை, கால், இடுப்பு எங்கே வருகிறது என்று முடிவானால்தான் சீட்டின் நீளம் தெரியும். சீட் தெரிந்தால்தான் எங்கே வெட்டுவது என்று தெரியும்.

பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை சேஸிஸில் எங்கே மாட்டியிருக்கிறதோ, அதற்கு முன்னால் வெட்டக் கூடாது. சக்கரத்திலிருந்து வரும் அடி அத்தனையும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது சீட், மட்கார்டு, டெயில் லைட்டைத் தாங்குவதற்கு மட்டுமே. புதிய குழாயும் பழைய குழாயும் ஒரே வெளிவிட்டம் இருக்க வேண்டும். இரண்டையும் முனையோடு முனை ஒட்டவைத்துப் பற்றவைத்தால் போதாது; உள்ளே இறுக்கமாகச் செல்லும் ஒரு துண்டுக் கம்பியை இரு பக்கமும் செருகி, குழாயில் துளை போட்டு அதன் வழியாகவும் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும்போது பேட்டரியையும், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) உள்ள பைக்கில் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள். வெல்டிங் மின்சாரம் உள்ளே போனால் புதுசு வாங்க வேண்டிவரும்.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது: சக்கரம் எவ்வளவு மேலே ஏறும்? ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றி, அவை முழுதாக அமுங்கினால் எவ்வளவு நீளம் இருக்குமோ அந்த அளவுக்கு இரும்புப் பட்டை இரண்டை வெட்டித் துளையிட்டு அதே இடத்தில் மாட்டுங்கள். பைக் அப்படியே தாழ்ந்து உட்காரும். பெரிய பள்ளத்தில் இரண்டு பேர் எடையோடு விழும்போது சக்கரம் வரும் இடம் அது. டயருக்கும், நீங்கள் பற்றவைக்கப் போகும் குழாய்க்கும், பேட்டரித் தட்டுக்கும் இடையே அப்போதும் ஒரு விரல்கடைக்கு மேல் இடம் இருக்க வேண்டும். கஃபே ரேசர்களில் வயரிங் அறுந்து நடுரோட்டில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், இந்தச் சோதனையைச் செய்யாமல் சீட்டுக்கு அடியில் எல்லாவற்றையும் திணித்ததுதான்.

எடை இடம் மாறினால்

ஓட்டுபவர் முன்னால் சாய்ந்ததால் முன் ஃபோர்க் மேல் எடை கூடிவிட்டது. பிரேக் பிடித்தால் முன்பு அமுங்கியதைவிட அதிகமாக அமுங்கும். கெட்டியான ஃபோர்க் ஆயில் ஊற்றலாம். அதைவிட நல்லது கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங். பின்னால் தோற்றத்துக்காக நீளமான ஷாக் அப்சார்பர் போடுவார்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகும். பைக் வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் நேர்ச் சாலையில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் படபடக்கும். ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசமே கையில் தெரியும்.

டயர் பற்றி ஒரு வார்த்தை. செங்கல் அடுக்கியது போன்ற பட்டை வைத்த பழங்காலத் தோற்ற டயர்கள் படத்தில் பிரமாதமாக இருக்கும். ஈரச் சாலையில் அவற்றை நம்பிச் சாய்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மூச்சுக் காற்று

சேஸிஸின் நடுவே உள்ள பெரிய கறுப்பு ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் வாயில் கூம்பு வடிவ ஃபில்டரை நேரடியாக மாட்டுவது வழக்கம். எஞ்சினுக்குப் பின்னால் முக்கோணமாக வெற்றிடம் தெரிந்தால் பைக் இலகுவாகத் தெரியும் என்பதுதான் நோக்கம். அந்தப் பெட்டியோ காற்று எவ்வளவு, என்ன வேகத்தில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அதை எடுத்தால் காற்று அதிகமாக வரும், பெட்ரோல் பழைய அளவிலேயே இருக்கும். கலவை மெலிந்தால் எஞ்சின் சூடேறும். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போகும். சைலன்சரையும் மாற்றினால் இன்னும் மோசம்.

அதனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும், ஊசியின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். சரியாக இருக்கிறதா என்று ஸ்பார்க் பிளக்கே சொல்லும். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஆக்ஸிலேட்டரை முறுக்கி ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே எஞ்சினை அணைத்து ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றுங்கள். நடு முனையைச் சுற்றியுள்ள பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். கறுப்பாகக் கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; ஆபத்தில்லை, மைலேஜ்தான் போகும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்6 புகை விதிப்படி செய்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. அங்கே ஈசியூவின் கணக்கை மாற்ற வேண்டும். அது லேத் பட்டறை வேலை இல்லை. அந்தப் பைக்குகளில் பெட்டியை அதன் இடத்திலேயே விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

வயரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழற்றும்போதே ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதுங்கள், எழுதியதைப் படம் எடுங்கள். ஏபிஎஸ் உள்ள பைக் என்றால் அதன் பெட்டியை மறைக்க இடம் தேடுங்கள், தூக்கிப் போட நினைக்காதீர்கள்.

சட்டம்

இந்தியாவில் இதுதான் கசப்பான பகுதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. சேஸிஸை வெட்டுவது சந்தேகமில்லாமல் இதில் அடங்கும். பின்சீட்காரருக்கான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சாரி கார்டு ஆகியவையும் விதிப்படி இருக்க வேண்டியவை. கஃபே ரேசர் கட்டும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதான். சாலையில் தினமும் பல பைக்குகள் இப்படி ஓடுகின்றன என்பது உண்மை. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது அந்த உண்மை உதவாது.

இதற்கு என் பதில், முதல் பைக்கில் எதையும் வெட்டாதீர்கள் என்பதே. போல்ட்டில் மாட்டிப் போல்ட்டில் கழற்றக்கூடியதை மட்டும் செய்யுங்கள்: கொஞ்சம் தாழ்ந்த ஹேண்டில், ரியர்செட், பழைய சேஸிஸ் மேலேயே உட்காரும் ஒற்றை சீட். கழற்றியதை எல்லாம் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி மாற்றிவிடலாம். முழுதாக வெட்டி ஒட்டிய பைக்தான் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் அதற்கு டிராக் இருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் சுற்றலாம். அங்கே கிளிப்-ஆனும் ரியர்செட்டும் பிறந்த காரணத்தை முதுகே சொல்லும்.

எது கட்டினாலும் பெயின்ட் அடிக்காமல், இரும்பு தெரியத் தெரியச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். கிளிப்-ஆன், ரியர்செட் போல்ட்டுகளை முதல் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். எங்கே உரசுகிறது, எங்கே அதிர்கிறது, எந்தத் தகடு விரிசல் விடுகிறது என்று தெரிந்து, எல்லாவற்றையும் சரிசெய்து, அப்புறம் முழுதாகக் கழற்றிப் பெயின்ட்டுக்குக் கொடுக்கலாம். பவுடர் கோட்டிங் என்றால் மரைகளையும், ஸ்டியரிங் பேரிங் உட்காரும் கிண்ணங்களையும், சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். நம்பர் மேல் கோட்டிங் கெட்டியாக ஏறிவிட்டால், பிறகு எஃப்சிக்குப் போகும்போது ஆர்டிஓ ஆபீஸ் வெயிலில் நின்று அதைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டிவரும்.